வெப்ப அலைக்கு முன்னால்: சுகாதாரத் துறை முதல் பணத்தை எதில் போட வேண்டும்?

ஒரு சிறிய நகரத்தின் சுகாதாரத் துறையை எண்ணிப் பாருங்கள். தடுப்பூசி, கொசு ஒழிப்பு, குடிநீர்ப் பரிசோதனை, உணவக ஆய்வு என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. இந்த நிலையில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வருகிறது: பருவநிலை மாற்றத்துக்கு மக்களைத் தயார்ப்படுத்துங்கள். கூடவே கொஞ்சம் பணமும் வருகிறது. அதை வைத்துக் கூடுதலாக இரண்டு பேரை வேலைக்கு எடுக்கலாம், அல்லது ஏதாவது ஒரு பெரிய காரியத்தைச் செய்யலாம். இரண்டுக்கும் சேர்த்துக் காணாது. கோடைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. எதில் கை வைப்பது?

இந்தக் கேள்வி யாருடைய மேசையில் கிடக்கிறதோ அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் சுகாதார அலுவலராக இருக்கலாம், நகர்மன்ற உறுப்பினராக இருக்கலாம், ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகவும் இருக்கலாம். பருவநிலை மாற்றம் என்றால் வெள்ளம், புயல், காட்டுத்தீப் புகை, புதிய இடங்களுக்குப் பரவும் டெங்கு எல்லாமே அடக்கம். ஆனால் வெள்ளத்துக்கும் கொசுவுக்கும் பெரும்பாலான சுகாதாரத் துறைகளிடம் பழைய அனுபவம் இருக்கிறது. அதை விரிவாக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். வெப்பத்துக்கு அப்படி ஒரு அனுபவம் பல ஊர்களில் இல்லை. வெள்ளம் வந்து போனால் இடிந்த சுவரும் சேறும் மிஞ்சும், எல்லாரும் பார்ப்பார்கள். வெப்பம் வந்து போனால் எதுவும் மிஞ்சாது. இறப்புச் சான்றிதழில்கூட மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் எழுதியிருக்கும். அதனால் வெப்பத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து. முதலில் ஆய்வு செய்து முழுத் திட்டம் தீட்டுவது ஒன்று. எச்சரிக்கை அமைப்பு இன்னொன்று. மக்கள் வந்து உட்கார்ந்து இளைப்பாறும் குளிர்கூடங்களைத் திறக்கலாம். ஆபத்தில் இருப்பவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அவர்களைத் தேடிப் போகலாம். அல்லது வீட்டையே குளிரவைக்கும் வேலையில் இறங்கலாம். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் பணம் தேடிப் போகும் ஆட்களுக்குப் போக வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முன் மற்ற நான்கையும் நேர்மையாகப் பார்த்துவிடலாம். அவற்றில் எதுவுமே வீண் இல்லை.

ஆய்வு முதலில் வேண்டுமா?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் உள்ளூர்த் துறைகளுக்காக ‘பிரேஸ்’ என்று ஒரு வழிமுறையை வகுத்தது. அதில் ஐந்து படிகள். இந்த ஊருக்கு என்ன வரப்போகிறது, யார் பாதிக்கப்படுவார்கள் என்று கணிப்பது முதல் படி. அதனால் நோய்ச்சுமை எவ்வளவு கூடும் என்று மதிப்பிடுவது இரண்டாவது. எந்த நடவடிக்கை பயன் தரும் என்று ஆராய்வது மூன்றாவது. திட்டம் எழுதிச் செயல்படுத்துவது நான்காவது. பயன் கிடைத்ததா என்று சரிபார்ப்பது ஐந்தாவது. நல்ல வரிசைதான். பெரிய மாநிலத் துறைக்கு இது மிகவும் உதவும்.

சிறிய துறைக்கு இதில் ஓர் அபாயம் உண்டு. முதல் இரண்டு படிகளிலேயே பணமும் காலமும் கரைந்துவிடும். 2050-இல் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்று வரைபடம் போட ஆலோசகர்கள் கிடைப்பார்கள். அந்த வரைபடம் அழகாகவும் இருக்கும். ஆனால் இந்த வருடக் கோடையில் மூன்றாவது மாடியில் தனியாகப் படுத்திருக்கும் முதியவருக்கு அது ஒன்றும் செய்யாது. அதனால் முழு ஆய்வை முதல் வேலையாக வைக்க வேண்டாம் என்பேன்.

ஆனால் அந்த ஆய்வில் ஒரு துண்டை மட்டும் கட்டாயம் முதலில் செய்ய வேண்டும். உங்கள் ஊரில் வெப்பத்தால் இறந்தவர்கள் யார் என்று பார்ப்பதுதான் அது. ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஊருக்கு ஊர் விடை அடியோடு மாறுகிறது. 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவை வெப்பம் தாக்கியது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த மாகாணத்தில் 619 பேர் வெப்பத்தால் இறந்தார்கள் என்று மரண விசாரணைத் துறை பிறகு கணக்கிட்டது. அவர்களில் 98 விழுக்காட்டினர் வீட்டுக்குள்ளேயோ வேறு கட்டடத்துக்குள்ளேயோ வெப்பத்துக்கு ஆளானவர்கள். மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதைத் தொட்டவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் எண்ணிக்கை, மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்கைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

இப்போது அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள மாரிகோபா மாவட்டத்தைப் பாருங்கள். ஃபீனிக்ஸ் நகரம் இருப்பது அங்கேதான். 2023-இல் அங்கே வெப்பத்தோடு தொடர்புள்ள மரணங்கள் 645. அவர்களில் பாதியை நெருங்கும் அளவுக்கு வீடில்லாதவர்கள். பெரும்பாலானவர்கள் வெளியிடங்களில் வெப்பத்துக்கு ஆளானவர்கள். இரண்டு இடங்களிலும் கொன்றது வெப்பம்தான், ஆனால் செத்தவர்கள் வேறு. ஒன்றுக்கு எழுதிய திட்டத்தை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்து வைத்தால் பணம் தவறான கதவைத்தான் தட்டும்.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடந்த பத்துக் கோடைகளின் அன்றாட இறப்பு எண்ணிக்கையை எடுத்து, அதே நாட்களின் பகல் வெப்பத்தையும் இரவு வெப்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த அளவைத் தாண்டியதும் இறப்பு ஏறத் தொடங்குகிறது என்பது ஓரளவு தெரியும். ஊர் சிறியதாக இருந்து எண்ணிக்கை போதாவிட்டால், பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் அழைப்புகளையும் கணக்கில் எடுக்கலாம். இறப்புப் பதிவேட்டில் வயது, முகவரி, எங்கே இறந்தார் என்பதெல்லாம் இருக்கும். ஒருவர் சில வாரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

எச்சரிக்கை: மலிவானது, ஆனால் பாதி வழிதான் போகும்

அடுத்தது எச்சரிக்கை அமைப்பு. ஐந்து வழிகளில் செலவு குறைந்தது இது. வானிலைத் துறை முன்கணிப்பு தருகிறது. சுகாதாரத் துறை ஓர் அளவை முடிவு செய்கிறது. அதைத் தாண்டப்போகிறது என்றால் வானொலி, தொலைக்காட்சி, குறுஞ்செய்தி, ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் அறிவிப்பு போகிறது.

அந்த அளவு எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்காது. லண்டனுக்கு முன்பு வைத்திருந்த எச்சரிக்கை அளவு பகலில் 32 டிகிரி, இரவில் 18 டிகிரி. அகமதாபாத்தில் சிவப்பு எச்சரிக்கை 45 டிகிரியில்தான் தொடங்கும். உடம்பும் வீடும் எதற்குப் பழகியிருக்கிறதோ அதைப் பொறுத்தது இது. இரவு அளவு ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். வெப்பத்தில் இதயம் தோலுக்குக் கூடுதலாக இரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இரவில் குளிர்ந்தால் அதற்கு ஓய்வு கிடைக்கும். இரவும் சூடாகவே இருந்தால் இரண்டாவது நாள், மூன்றாவது நாள் என்று களைப்பு சேர்ந்துகொண்டே போகும். முதல் நாளைவிடப் பிந்தைய நாட்களில் இறப்பு கூடுவதற்கு இது ஒரு காரணம்.

எச்சரிக்கை பயன் தருமா? தரும். அகமதாபாத்தில் 2010 மே மாதம் வந்த வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தன. அதற்குப் பிறகு 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல் திட்டத்தைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுதான் முதல் திட்டம். எச்சரிக்கை, மக்களுக்கு விழிப்பூட்டுதல், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி என்று பல கூறுகள் அதில் இருந்தன. 2014-லும் 2015-லும் சராசரியாக ஆண்டுக்கு சுமார் 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்று பின்னர் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது.

ஆனால் எச்சரிக்கையை மட்டும் தனியாக நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கேட்க முடிந்தவருக்கும், கேட்டு எழுந்து ஏதாவது செய்ய முடிந்தவருக்கும்தான் எச்சரிக்கை. தண்ணீர் குடியுங்கள் என்று சொன்னால், கழிவறைக்கு எழுந்து போக முடியாததால் தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் என்ன செய்வார்? குளிர்ந்த இடத்துக்குப் போங்கள் என்றால், படியிறங்க முடியாதவர் எங்கே போவார்? வயதானவர்களில் பலர் தங்களை ஆபத்தில் இருப்பவர்களாக நினைப்பதும் இல்லை. “முதியோர் கவனமாக இருக்கவும்” என்ற அறிவிப்பை எண்பது வயதுக்காரர் வேறு யாருக்கோ சொல்வதாகத்தான் கேட்கிறார்.

புயல் அனுபவமும் இதையே சொல்கிறது. 1970-இல் வங்கக் கடலோரத்தைத் தாக்கிய போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கு. புயல் வருவது வானிலைத் துறைக்குத் தெரிந்திருந்தது. அந்தச் செய்தி பலருக்கும் செயல்படும் அளவுக்குப் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு வங்கதேசம் 1972-இல் தொண்டர் படை ஒன்றைக் கட்டியது. செய்தியை வீடு வீடாகக் கையில் எடுத்துப் போய்ச் சொல்வதும், வயதானவர்களைத் தங்குமிடங்களுக்குக் கூட்டிப் போவதும் அவர்கள் வேலை. தங்குமிடங்களும் கட்டினார்கள், முன்கணிப்பும் மேம்பட்டது. பின்னர் வந்த பெரும்புயல்களில் உயிரிழப்பு பல மடங்கு குறைந்தது. பெண்கள் தங்குமிடத்துக்கு வரத் தயங்குவது பெரிய சிக்கலாக இருந்தது. தொண்டர்களில் பெண்களைப் பெருமளவு சேர்த்தது அதற்குத்தான். கதவைத் தட்டும் ஆள் யார் என்பதும் முக்கியம் என்று இதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

குளிர்கூடங்கள்

நூலகம், சமுதாயக் கூடம், பள்ளி போன்ற இடங்களை ஏசி போட்டு, வெப்ப நாட்களில் எல்லாருக்கும் திறந்துவிடுவது. பார்வைக்குத் தெளிவான நடவடிக்கை. நாடாவை வெட்டித் திறந்துவைக்கலாம், படமும் வரும். மன்ற உறுப்பினர்களுக்கு இது பிடிக்கும் என்பதில் தவறும் இல்லை.

வீடில்லாதவர்கள், வெளியில் வேலை செய்பவர்கள், தகரக் கூரையின் கீழ் குடும்பமாக வாழ்பவர்கள் ஆகியோருக்கு இது உயிர் காக்கும். உங்கள் ஊரின் இறப்புப் பட்டியல் மாரிகோபாவைப் போல இருந்தால், குளிர்கூடத்தை முதலிடத்துக்குக் கொண்டுபோக நான் தயங்க மாட்டேன். அப்போதும் ஒரு நிபந்தனை: மாலை ஐந்து மணிக்குப் பூட்டக் கூடாது. அலுவலக நேரத்துக்கு மட்டும் திறந்திருக்கும் குளிர்கூடம், இரவெல்லாம் தெருவில் கிடக்கும் மனிதருக்குப் பாதி உதவிதான். நாயைக் கூட்டிவரலாமா, பையை வைக்க இடம் உண்டா, அடையாள அட்டை கேட்பார்களா என்ற சின்னக் கேள்விகள்தான் ஒருவர் உள்ளே வருவாரா மாட்டாரா என்பதை முடிவு செய்கின்றன.

பட்டியல் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் போல இருந்தால் நிலைமை வேறு. அங்கே இறந்தவர்களில் பலர் நடக்கச் சிரமப்பட்டவர்கள், பல நோய்களோடு இருந்தவர்கள். கூடம் எவ்வளவு அருகில் இருந்தாலும் அவர்கள் தாமாக வரப்போவதில்லை. வண்டி அனுப்பினால் வரலாம். வண்டியை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தெரிய வேண்டுமானால், மறுபடியும் நமக்கு ஒரு பட்டியல் தேவைப்படுகிறது.

தேடிப் போவது

1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலை வந்தபோது கூடுதல் மரணங்கள் சுமார் 739. பிறகு ஆய்வாளர்கள் இறந்தவர்களையும், அதே பகுதியில் பிழைத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். படுக்கையில் கிடந்தவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள், தினமும் வீட்டைவிட்டு வெளியே போகாதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மிக அதிகமாக இருந்தது. வீட்டில் ஏசி இருந்தவர்கள், போக்குவரத்து வசதி இருந்தவர்கள், அக்கம்பக்கத்தில் நட்போ சங்கமோ தேவாலயமோ என்று ஏதாவது ஓர் உறவு இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். 1999-இல் மறுபடியும் பெரிய வெப்ப அலை வந்தது. அந்த முறை நகர நிர்வாகம் முதியவர்களுக்குத் தொலைபேசியில் பேசியது, வீடுகளுக்கு ஆட்களை அனுப்பியது, குளிர்கூடங்களுக்குப் பேருந்து விட்டது. மரணம் சுமார் 110. இரண்டு வெப்ப அலைகளும் ஒரே கடுமை கொண்டவை இல்லை. ஆகவே வித்தியாசம் முழுவதையும் இதன் கணக்கில் எழுதக் கூடாது. இருந்தாலும் கவனிக்காமல் விட முடியாத வித்தியாசம்.

இந்த வழியின் அடிப்படை எளிது. எண்பது வயதில் தனியாக இருக்கும் ஒருவரிடம் ஒரு நாளைக்கு ஒருமுறை, வெப்பம் உச்சத்தில் இருக்கும்போது இரண்டுமுறை, ஒரு மனிதர் பேசுகிறார். பேச்சு குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாகக் குழப்பமாகப் பேசினாலோ, தொலைபேசியை எடுக்காவிட்டாலோ ஆள் நேரில் போகிறார். போகிறவர் கையில் அறை வெப்பமானி ஒன்று இருக்க வேண்டும். “சூடாக இருக்கிறதா?” என்று கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வயதாக ஆக உடம்புக்கு வெப்பத்தை உணரும் திறனும் தாகமும் குறைகின்றன. வெப்பமானி பொய் சொல்லாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறைக்குள் 26 டிகிரிவரை பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு என்றும், 31 டிகிரிக்கு மேல் நீடித்தால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அது அபாயம் என்றும் சொல்கிறது. உங்கள் ஊரின் அளவு வேறாக இருக்கலாம். ஆனால் ஏதாவது ஓர் அளவு கையில் இருந்தால்தான், போன ஆள் ‘இவரை இப்போதே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்’ என்று உறுதியாகச் சொல்ல முடியும். நனைத்த துணி, கழுத்திலும் கையிலும் தண்ணீர், நிழலான அறைக்கு மாற்றுவது, தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ். செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆனால் செய்ய ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. முதல் சிக்கல் பட்டியல். பிரான்சில் 2003 ஆகஸ்டில் சுமார் 15,000 பேர் வெப்ப அலையில் இறந்த பிறகு, ஒவ்வொரு நகராட்சியும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று 2004-இல் சட்டம் வந்தது. விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். உறவினரோ மருத்துவரோ கொடுக்கவும் வழி உண்டு. எச்சரிக்கை நிலை வந்தால் நகராட்சி அவர்களை அழைத்து நலம் விசாரிக்கும். 2006 ஜூலையில் மீண்டும் கடும் வெப்பம் வந்தபோது, பழைய அனுபவத்தை வைத்துக் கணக்கிட்டதைவிட 4,400 மரணங்கள் குறைவாக இருந்தன. பதிவேடு, எச்சரிக்கை, 2003-இன் அதிர்ச்சியால் மக்களிடம் வந்த விழிப்பு எல்லாம் சேர்ந்த பலன் அது.

ஆனால் தானே வந்து பெயர் கொடுப்பவர் ஏற்கெனவே ஓரளவு தொடர்பில் இருப்பவர். யாரோடும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டிருப்பவர்தான் நமக்கு வேண்டியவர். அவர் வர மாட்டார். எனவே பதிவுப் படிவத்தை அச்சடித்துவிட்டுக் காத்திருந்தால் பட்டியல் நிறையும், ஆனால் தவறான பெயர்களால் நிறையும். தபால்காரர், மருந்துக்கடைக்காரர், வீட்டுக்கு வரும் செவிலியர், உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டர், கட்டடக் காவலாளி இவர்களுக்கு யார் தனியாக இருக்கிறார் என்று தெரியும். அவர்கள் மூலமாக, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு சேர்க்கும் பெயர்தான் மதிப்புள்ளது. மனநல மருத்துவமனையின் வெளிநோயாளிகள் பிரிவையும் விட்டுவிடக் கூடாது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் ஆபத்தைப் பற்றி மேலே சொன்னேன். வழக்கமான முதியோர் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

அந்தரங்கமும் பெரிய விஷயம். தனியாக வாழும் பலவீனமானவர்களின் முகவரிப் பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை முதல் பெயரைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். தொண்டர்களுக்கு அவரவர் தெருவின் பெயர்களை மட்டும் கொடுத்தால் போதும்.

மூன்றாவது சிக்கல் ஆள் பலம். நானூறு பெயர் இருந்தால் இரண்டு ஊழியரால் ஒரே நாளில் பார்க்க முடியாது. பிலடெல்பியா இதற்கு ஒரு வழி கண்டது. 1993 வெப்ப அலையில் 118 பேர் இறந்த பிறகு, 1995-இல் அந்த நகரம் வெப்ப எச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. எச்சரிக்கை வந்தால் செய்தி ஒலிபரப்போடு நிற்பதில்லை. தெருப் பொறுப்பாளர்கள் அக்கம்பக்கத்து முதியவர்களைப் பார்ப்பார்கள். செவிலியர்கள் பேசும் தொலைபேசி எண் ஒன்று இயங்கும். சுகாதாரத் துறையின் ஆட்கள் வீடுகளுக்குப் போவார்கள். கட்டணம் கட்டவில்லை என்று மின்சாரத்தைத் துண்டிப்பதும் அந்த நாட்களில் நிறுத்திவைக்கப்படும். 1995 முதல் 1998 வரை 117 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மொத்தச் செலவு சுமார் 2,10,000 டாலர். மதிப்பீடுதான், துல்லியக் கணக்கு இல்லை. எந்தக் கூறு எத்தனை பேரைக் காத்தது என்று பிரிக்கவும் முடியாது. இருந்தாலும் செலவையும் அந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பெரிய குளிர்கூடம் கட்டும் செலவுக்குள் ஒரு மாநகரமே நான்கு கோடைகளைக் கடந்திருக்கிறது.

வீட்டையே குளிரவைப்பது

உயிர் காக்கும் ஆற்றலை மட்டும் பார்த்தால், வேலை செய்கிற ஏசிக்கு நிகராக எதுவும் இல்லை. சிகாகோ ஆய்வில் மிக வலுவாகக் காப்பாற்றியது அதுதான். 2020 கோடையில், தொற்று பயத்தால் குளிர்கூடங்களை நம்ப முடியாத நிலையில், நியூயார்க் நகரம் வருமானம் குறைந்த முதியவர்களுக்கு 74,000 ஏசி இயந்திரங்களைக் கொடுத்தது. அது பெரிய நகரத்தின் பணபலம்.

சிறிய துறைக்கு இங்கே சில கேள்விகள் எழும். இயந்திரம் கொடுத்தால் மின்கட்டணத்தை யார் கட்டுவது? கட்டணத்துக்குப் பயந்து போடாமலே வைத்திருக்கும் வீடுகள் எங்கும் உண்டு. பழுதானால் யார் பார்ப்பது? மாரிகோபாவில் வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலானோரின் வீட்டில் ஏசி இருந்தது. அது ஓடவில்லை, அவ்வளவுதான். மின்சாரமே போனால்? சிகாகோவில் 1995-இல் வெப்பத்தின் நடுவே ஆயிரக்கணக்கான வீடுகள் இருண்டன. எல்லாரும் ஏசி போட்டால் வெளியே தெரு இன்னும் சூடாகும், மின் உற்பத்தியின் புகையும் கூடும் என்பது தனிக் கவலை. அதைக் காரணம் காட்டி, சாகும் நிலையில் இருப்பவருக்கு ஏசி கொடுக்காமல் இருப்பது எனக்கு ஏற்புடையதில்லை.

மின்விசிறி மலிவானது என்று பலர் அதற்குப் போவார்கள். கவனம் தேவை. 40 டிகிரிக்கு மேல் மின்விசிறி உடம்பைச் சூடாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வியர்வை குறைந்த முதியவர்களுக்கு அதற்குக் கீழேயே பயன் குறையத் தொடங்கும். தோலை நனைத்துக்கொண்டால் நிலைமை மேம்படும்.

அதிகப் பணம் தேவைப்படாத சில மாற்றங்களும் இருக்கின்றன. அகமதாபாத்தின் ஒரு மருத்துவமனையில் பிரசவப் பிரிவை மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்ப பாதிப்போடு தீவிர சிகிச்சைக்கு வந்த பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. கூரையில் வெள்ளை பூசுவது உள்ளறையைச் சில டிகிரி குளிர்விக்கும். முதியோர் இல்லம், மருத்துவமனை, பள்ளி என்று சுகாதாரத் துறை ஆய்வுக்குப் போகிற எல்லா இடங்களிலும் இந்த இரண்டையும் பற்றி இந்த வருடமே பேசத் தொடங்கலாம். மரம் நடுவதும் நல்லது. ஆனால் அது நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும், பெரும்பாலும் வேறு துறையின் வேலையும் கூட.

சரி, எதை எடுப்பது?

இறப்புப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் முடிவு. இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் தனியாக இருந்த முதியவர்கள் என்றால், பணத்தின் பெரும்பகுதி தேடிப் போகும் ஆட்களுக்கு. இரண்டு பேரை வேலைக்கு எடுங்கள். ஒருவர் பட்டியலைக் கட்டுவார், தொண்டர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுப்பார். இன்னொருவர் வானிலைத் துறையோடு பேசி எச்சரிக்கை அளவை நிர்ணயிப்பார். மின் நிறுவனம், ஆம்புலன்ஸ், மருந்துக்கடைகள் ஆகியவற்றோடு ஒப்பந்தம் செய்வார். ஏற்கெனவே இருக்கும் நூலகத்தை வெப்ப நாட்களில் இரவு பத்துவரை திறந்துவைக்கக் கேட்பதும் அவர் வேலை. மிச்சம் இருக்கும் பணத்தில் பட்டியலின் உச்சியில் இருக்கும் சிலருக்கு மட்டும் ஏசியும் கட்டண உதவியும். யாருக்கு அது உண்மையில் வேண்டும் என்று வீட்டுக்குள் போய்ப் பார்த்த ஆளுக்குத்தான் தெரியும். தேடிப் போவதை நான் முதலில் வைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்: மற்ற எல்லா வழிகளுக்கும் தேவையான தகவல் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இறந்தவர்கள் தெருவில் இருந்தவர்கள் என்றால் இரவிலும் திறந்திருக்கும் குளிர்கூடமும், தண்ணீரோடு சுற்றும் வண்டியும் முதலில். வெளிவேலைக்காரர்கள் என்றால் பணத்தைவிட அதிகாரம்தான் தேவைப்படும்: நிழல், தண்ணீர், ஓய்வு, புதிதாக வருபவருக்கு முதல் வாரத்தில் குறைந்த வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களில் உடம்பு வெப்பத்துக்குப் பழகியிருக்காது. ஆபத்து மிக அதிகமாக இருப்பது அப்போதுதான். இதைத் தொழிலாளர் துறையோடு சேர்ந்துதான் செய்ய முடியும்.

இந்த முடிவை எதிர்ப்பவர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். ஆட்களுக்குக் கொடுத்த சம்பளம் அடுத்த வருடம் நின்றுவிட்டால் எதுவும் மிஞ்சாதே, கட்டடமாவது மிஞ்சுமே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் தெருப் பொறுப்பாளர்களைக் கோடைக்கு மட்டும் வைக்காமல் புகை நாட்களுக்கும், வெள்ளத்துக்கும், குளிர்காலத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்கிறேன். வெப்பத்தில் தனியாக இருப்பவர்தான் வெள்ளத்திலும் தனியாக இருப்பவர். அந்தப் பட்டியலும், அந்தப் பெயர்களை அறிந்த முப்பது நாற்பது தொண்டர்களும் ஒரு வருடப் பணம் நின்றாலும் கொஞ்ச காலம் தாங்குவார்கள்.

ஒத்திகை ஒன்று கட்டாயம் வேண்டும். கோடைக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு சாதாரண நாளில், பட்டியலில் உள்ள எல்லாரையும் ஒரே பகலில் அழைத்துப் பாருங்கள். எத்தனை எண்கள் தவறு, எத்தனை பேர் எடுக்கவில்லை, எடுக்காதவரின் வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெப்ப அலையின் இரண்டாவது நாள் மாலை, அதாவது இரண்டாவது இரவு தொடங்கும் முன், அந்தப் பட்டியல் முழுவதையும் ஒரு சுற்று முடித்தாக வேண்டும். ஒத்திகையில் அது முடியவில்லை என்றால் தொண்டர்களைக் கூட்டவும், பட்டியலை ஆபத்து வரிசையில் மாற்றி அடுக்கவும் இன்னும் நான்கு வாரம் கையில் இருக்கும்.